உள்ளங்கையில் பேசிய வாத்தியார்

நேயர்களுக்கு வணக்கம்.

‘பிளாக்’ என்ற இந்திப் படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2005 பிப்ரவரியில் வந்தது. சஞ்சய் லீலா பன்சாலி இயக்கம், அமிதாப் பச்சனும் ராணி முகர்ஜியும் நடிப்பு. ஆட்டம் பாட்டம் கிடையாது. சிறந்த இந்திப் படம், சிறந்த நடிகர் என்று தேசிய விருதுகள் வாங்கியது. 2024இல் நெட்ஃபிளிக்ஸுக்கும் வந்துவிட்டது. கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் வளரும் பிள்ளைகளோடு பல வருடம் வேலை பார்த்த சிறப்பாசிரியை நான். அந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

கதை சிம்லாவில், ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் நடக்கிறது. மிஷெல் என்ற சிறுமிக்குப் பார்வையும் இல்லை, கேட்கும் திறனும் இல்லை. எங்கே போகிறாள் என்று தெரிய அவள் இடுப்பில் மணி கட்டி விட்டிருக்கிறார்கள். தேப்ராஜ் சஹாய் என்ற வாத்தியார் வருகிறார். குடிப்பவர், முன்கோபி. அவர் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்து அப்பா வெளியே போகச் சொல்கிறார். அப்பா ஊரில் இல்லாத நாட்களில் அம்மாவின் சம்மதத்தோடு தங்கிச் சொல்லிக்கொடுக்கிறார். கடைசியில் அவளைத் தூக்கி நீரூற்றுத் தொட்டியில் போட, ‘தண்ணீர்’ என்ற சொல் அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

தியேட்டரில் எல்லாரும் அழுதது அந்த இடத்தில்தான். நானும் அழுதேன். ஆனால் வேலை அங்கே முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது. அதைப் பேசத்தான் வந்தேன்.

இந்தக் கதைக்கு மூலம் அமெரிக்காவின் ஹெலன் கெல்லர் வாழ்க்கை. 1880இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோயில் பார்வையும் கேட்பும் போயின. 1887 மார்ச் 3ஆம் தேதி ஹெலனுக்கு ஆசிரியையாக ஆன் சல்லிவன் அந்த வீட்டு வாசலில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 20. அவருக்கே கண்பார்வை சரியில்லை. பாஸ்டன் நகரத்தில் பார்வையற்றோருக்கான பெர்கின்ஸ் பள்ளியில் படித்தவர். கண்ணும் காதும் இல்லாமலே கல்வி கற்ற லாரா பிரிட்ஜ்மேன் என்ற பெண்மணி அதே பள்ளியில் இருந்தார். அவரோடு பேசுவதற்காக ஆன் விரல் எழுத்தை, அதாவது ஒவ்வோர் எழுத்தையும் விரல்களால் உள்ளங்கையில் காட்டும் முறையைப் படித்திருந்தார். தண்ணீர்க் குழாயடியில் ஹெலனுக்குச் சொல் பிடிபட்டது ஏப்ரல் 5ஆம் தேதி. அதற்கு முன்னால் ஒரு மாதத்துக்கும் மேல் பொம்மை, கேக் என்று கையில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார் ஆன். குவளை எது, அதில் இருக்கும் தண்ணீர் எது என்று அந்தக் குழந்தை குழம்பிக்கொண்டே இருந்திருக்கிறது.

சினிமாவில் வராத, எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகு வருகிறது. ஹெலனின் உறவில் 15 மாதக் குழந்தை ஒன்று இருந்தது. ஆன் அதைக் கூர்ந்து கவனித்தார். வாய் திறந்து பேசும் முன்பே பெரியவர்கள் சொல்வது அதற்குப் புரிகிறது. யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை, எல்லாரும் அதனிடம் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆன் உடனே பாட நேரத்தையே நிறுத்திவிட்டார். பிள்ளையின் காதில் நாம் பேசுவதுபோல ஹெலனின் கையில் பேசப்போகிறேன், முழு வாக்கியமாகவே பேசுவேன், புரிந்த அளவு புரியட்டும் என்று கடிதத்தில் எழுதினார். 130 வருடம் தாண்டியும் அந்த முடிவுக்கு மேலான பாடத்திட்டத்தை நான் பார்க்கவில்லை.

‘பிளாக்’ படத்திலும் அந்தப் பொறுமை இருக்கிறது, பிற்பகுதியில். மிஷெல் கல்லூரியில் சேர்ந்ததும் தேப்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை அவள் கையில் எழுதுகிறார். பி.ஏ. முடிக்க அவளுக்கு 12 வருடம் ஆகிறது. திரும்பத் திரும்பத் தோற்கிறாள். ஓர் ஆசிரியரின் உழைப்பு உண்மையில் இப்படித்தான் இருக்கும். நீரூற்றுக் காட்சிக்குக் கொடுத்த நிமிடங்களில் பாதியை அந்த வகுப்பறைக்குக் கொடுத்திருக்கலாம் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் நினைப்பேன்.

படத்தில் எனக்குச் சம்மதமே இல்லாத ஒன்று உண்டு. வாத்தியார் அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து இழுக்கிறார், அமுக்குகிறார், அறையில் அடைக்கிறார். கண்ணும் காதும் இல்லாத பிள்ளைக்குக் கைதான் கண், கைதான் காது, கைதான் வாய். அந்தக் கையை இழுத்துப் பிடிப்பது பேசுகிறவர் வாயைப் பொத்துவது மாதிரி. எங்கள் பயிற்சியில் முதலில் சொல்வது, உன் கையைக் குழந்தையின் கைக்கு மேலே வைக்காதே, கீழே வை என்பதுதான். அப்போது வேண்டுமானால் தொடலாம், வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளலாம். அந்த உரிமை குழந்தையிடம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெலன் 19 மாதம் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர், தண்ணீருக்கு ஒரு மழலைச் சொல்லும் அவரிடம் மிச்சம் இருந்தது. கர்ப்ப காலத்தில் தாய்க்கு ரூபெல்லா என்ற தொற்றுநோய் வந்ததால் பிறவியிலேயே இரண்டும் இல்லாமல் வரும் குழந்தைகளுக்கு அந்த மிச்சமும் கிடையாது. அவர்களுக்கு எழுத்துக்கு முன்னால் கையில் தொடும் பொருள். கரண்டியைக் கையில் கொடுத்தால் சாப்பாடு, துண்டைக் கொடுத்தால் குளியல். அன்றைய வேலைகளுக்கான பொருள்களை வரிசையாகப் பெட்டிகளில் வைப்போம். ஒன்று முடிந்ததும் அந்தப் பொருளை எடுத்துவிட்டு அடுத்த பெட்டியைத் தொடுவார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்த அன்றைக்குப் பாதி அழுகை நின்றுவிடும். ‘அடங்காத பிள்ளை’ என்று ஊரே சொன்ன பிள்ளைக்கு அதுவரை இருந்தது பயம்தான்.

மிஷெல் வளர்ந்த பெண்ணாகி, தன்னை முத்தமிடச் சொல்லி வாத்தியாரிடம் கேட்கும் காட்சி பலருக்குச் சங்கடம். அதன்பின் அவர் அவளை விட்டுப் போய்விடுகிறார். எனக்கு அது துணிச்சலான காட்சி. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கும் ஆசை உண்டு என்று நம் படங்கள் எத்தனை சொல்லியிருக்கின்றன? பிற்பாடு அல்சைமர் வந்து எல்லாவற்றையும் மறந்த வாத்தியாருக்கு, அவர் கற்றுக்கொடுத்த அதே முறையில் மிஷெல் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே ராணி முகர்ஜியின் விரல்களைப் பாருங்கள், முகத்தைப் பார்க்காதீர்கள்.

சினிமாவுக்கு ஒற்றை வாத்தியார் போதும். வீட்டுக்குப் போதாது. அம்மா, அப்பா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பையன் எல்லாரும் அந்தக் கையில் பேச வேண்டும். படம் வந்த அதே 2005இல்தான் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் தொடங்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைக் குறைபாடுகளில், கண்ணும் காதும் சேர்ந்த குறைபாடும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தயவுசெய்து அந்த ஊசியைத் தவறவிடாதீர்கள்.

கைக்குழந்தை விளக்கைப் பார்த்துத் திரும்பவில்லை, சத்தத்துக்கும் அசையவில்லை என்றால், ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்று காத்திருக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பரிசோதனை ஒரு பக்கம் நடக்கட்டும், வீட்டில் இன்றைக்கே ஒன்று செய்யலாம். பிள்ளையைத் திடீரென்று தூக்காதீர்கள். தோளில் மெல்லத் தொட்டு, உங்கள் வளையலையோ தாடியையோ தடவிப் பார்க்கக் கொடுங்கள். வந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியட்டும். அதன் கை உங்களைத் தேடி வரும்வரை காத்திருந்து, பிறகு தூக்குங்கள்.

நன்றி, வணக்கம்.