செவிடன் காதும் சீனத்து மாடும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருகோணமலையில் இருக்கிறவர்களுக்குப் பழமொழிப் பஞ்சம் இல்லை. மீன் சந்தைக்குள் நுழைந்தால் தமிழும் சிங்களமும் கேட்கும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் மக்களின் தமிழும் சேர்ந்து வரும்.

சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனால் நாங்கள் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்போம். சிங்களத்தில் 'பீரி அலின்ட்ட வீணா கயனவா' என்பார்கள். செவிட்டு யானைக்கு வீணை வாசிப்பதாம். இந்திக்காரர் எருமைக்கு முன்னால் மகுடி ஊதுவார். ஜப்பானியர் குதிரையின் காதில் புத்தர் பெயரை ஓதுவார். வாசிக்கிறவர் எல்லாரும் கெட்டிக்காரர், கேட்கிறது மட்டும் மிருகம். (நாங்கள் ஒருபடி மேலே போய் மனிதனையே செவிடனாக்கிவிட்டோம்.) இதையெல்லாம் உண்டாக்கியது பேசினவர்களாகத்தான் இருக்கும், கேட்டவர்கள் இல்லை.

சீனர்களும் 'மாட்டுக்கு ச்சின் வாசிப்பது' என்கிறார்கள். ச்சின் அவர்களது ஏழு தந்தி வாத்தியம். அதன் பின்னால் உள்ள கதைதான் எனக்குப் பிடித்தது. கோங்மிங் யி என்ற வித்துவான் மாட்டின் முன்னால் உயர்ந்த இசை ஒன்றை வாசித்தார். மாடு தன்பாட்டில் புல்லை மேய்ந்தது. அப்புறம் அவர் அதே தந்தியில் கொசுவும் மாட்டு ஈயும் இரைகிற சத்தத்தையும், தாயைப் பிரிந்த கன்று கத்துகிற சத்தத்தையும் எழுப்பினார். மாடு உடனே வாலை ஆட்டி, காதைத் தூக்கி, அங்குமிங்கும் நடந்து கேட்டதாம். ஆக, அதன் காதில் ஒரு குறையும் இல்லை.

எங்கள் கரையோரக் கிராமம் ஒன்றில் கடற்றொழிலாளர் கூட்டம். ஓர் அதிகாரி உயிர்காப்பு அங்கி பற்றிய சுற்றறிக்கையை வரி விடாமல் வாசித்தார். பின்வரிசையில் ஆளுக்கொரு கதை. ஒருவர் அங்கேயே இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். அதிகாரி சலித்துப்போய்ச் சங்குப் பழமொழியை எடுத்துவிட்டார். உடனே ஒரு பெரியவர் எழும்பினார்: "ஐயா, சங்கு நல்லாத்தான் கேக்குது. மண்ணெண்ணெய் விலையை ஒருக்கா ஊதுங்கோ பாப்பம்."

சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. அதிகாரியும் சிரித்துவிட்டார், அதைச் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையை மடித்து வைத்துவிட்டு எண்ணெய்க் கணக்கிலிருந்து பேச்சைத் தொடங்கினார். வலை பொத்தினவர் ஊசியைக் கீழே வைத்தார். அங்கிக்குப் பேச்சு வந்தபோது கேட்டவரும் அவர்தான்: இவ்வளவு தடிப்பான அங்கியைப் போட்டுக்கொண்டு குனிந்து வலை இழுப்பது எப்படி? சுற்றறிக்கையில் அதற்குப் பதில் இருக்கவில்லை. அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

நன்றி. வணக்கம்.