இந்த ஒரு கேள்விக்கு 'முடியாது' என்றால் ஜூரியில் உங்களுக்கு இடமில்லை!

வணக்கம் மக்களே! யோசிக்காமல் சட்டென்று மனசுக்குள் பதில் சொல்லுங்கள்: ஒருவருக்கு மரண தண்டனை கொடுக்க உங்களால் கை தூக்க முடியுமா? "எந்த வழக்கிலும் முடியாது" என்றால், அமெரிக்காவில் மரண தண்டனை கேட்கும் வழக்கில் உங்களை ஜூரியில் உட்கார விடமாட்டார்கள்.

ஜூரி என்றால் பொதுமக்களிலிருந்து எடுக்கும் 12 பேர். தண்டனையே தரமாட்டேன் என்பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் "இவர்தான் செய்தாரா" என்பதையும் அதே 12 பேர்தான் சொல்கிறார்கள். சிக்கலே அங்கேதான்.

ஃபீபி எல்ஸ்வொர்த் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1984-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரு கொலை வழக்கு விசாரணையை நடித்துப் படமெடுத்து, சுமார் இரண்டரை மணி நேரம், மரண தண்டனை தரத் தயாரானவர்களுக்கும் தரவே மாட்டேன் என்றவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது ஒரே சாட்சிகளை, கேட்டது ஒரே வாதத்தை. தரமாட்டேன் என்றவர்கள்கூட, குற்றம் நடந்ததா என்பதை நியாயமாகத்தான் முடிவு செய்வோம் என்று சொன்னவர்கள். முதல் வாக்கெடுப்பில், தரத் தயாரானவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் "குற்றவாளி" என்றார்கள். மற்றவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர்தான்!

ஏன் இப்படி? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அலமீடா கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) 811 பேரிடம் கேட்ட இன்னொரு கணிப்பில் விடை இருக்கிறது. தண்டனை பற்றிய கருத்து தனியாக வருவதில்லை, கொத்தாக வருகிறது. மரண தண்டனை தரத் தயாரானவர்கள் அரசுத் தரப்பு சொல்வதை அதிகம் நம்பினார்கள், குற்றம் சாட்டப்பட்டவரையும் அவருடைய வக்கீலையும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இந்த வடிகட்டலில் வெளியே போவது யார் தெரியுமா? வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர், ஆண்களைவிடப் பெண்கள்.

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் மெக்ரீ என்பவரின் வழக்கில் இப்படி 8 பேரை எழுப்பி அனுப்பினார்கள். மிச்சமிருந்தவர்களிலிருந்து அமைந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது, ஆனால் மரண தண்டனை தரவில்லை, பரோல் இல்லாத ஆயுள் தண்டனைதான் தந்தது! அப்புறம் அந்த 8 பேரை எதற்கு அனுப்பினார்கள்? 1986-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அந்த ஆய்வுகள் சரியென்றே வைத்துக்கொண்டாலும் இந்த முறை செல்லும் என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு உங்கள் மனசு சொன்ன பதிலை, மாற்றாமல், கமெண்டில் போடுங்கள்.