பாய் நெய்தவருக்கு உட்கார ஓர் இடம்

(பாளையங்கோட்டையில் கைவினைப் பொருள் சந்தையின் தொடக்க விழாவில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, மாவட்ட ஆட்சியர் சார்பில் வந்திருக்கும் அதிகாரி அவர்களே, மாநகராட்சியிலிருந்து வந்திருக்கும் அம்மா அவர்களே, வணிகர் சங்கத்துப் பெரியவர்களே, மகளிர் கல்லூரி முதல்வர் அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த தம்பிகளே, எல்லாருக்கும் மேலாக, விடியற்காலையில் மூட்டை முடிச்சோடு வந்து கடை விரித்திருக்கும் என் சகோதரிகளே, சகோதரர்களே, அனைவருக்கும் வணக்கம். குத்துவிளக்கு ஏற்றி வைத்த மூத்த குயவர் ஐயா காருகுறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார். மண்ணைத் தொட்ட கையால் இந்தச் சந்தையைத் தொடங்கி வைக்க வேண்டும் என்று விழாக் குழு முடிவு செய்ததற்கு முதலில் என் நன்றி. எனக்குப் பொன்னாடை போர்த்தியதற்கும் நன்றி. அது செடிபுட்டாச் சேலைக்குப் பேர்போன வீரவநல்லூர்த் தறியில் நெய்தது என்று சொன்னார்கள், இரட்டிப்பு மகிழ்ச்சி.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று விலை. இரண்டு இடம். மூன்று, அடுத்த தலைமுறை இந்தத் தொழிலுக்கு வருமா என்பது. 'உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. வயலுக்குச் சொன்னது. ஆனால் முப்பது வருஷம் ஜவுளிக் கடை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன், அது தறிக்கும் சக்கரத்துக்கும் உளிக்கும் அப்படியே பொருந்தும்.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்வோம். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான் பத்தமடை. தாமிரபரணிப் பாசனத்தில் வளரும் கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, பட்டுப் பாய் என்றால் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, மறுபடியும் நூல் போலக் கீறுகிறார்கள். தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் குனிந்து உட்கார்ந்து, நீளக் குச்சியின் நுனியில் ஒவ்வொரு கோரையாகச் செருகி நெய்ய வேண்டும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் சேர்த்தே நெய்து தருவார்கள். நல்ல பட்டுப் பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். மடித்தால் துணி போல மடியும். 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இந்தப் பாய் பரிசாகப் போனது என்று அந்த ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். புவிசார் குறியீடு கிடைத்தும் பத்தாண்டு தாண்டிவிட்டது. எல்லாம் சரி. நெய்கிற பெண்ணின் கையில் என்ன நின்றது?

இதை நான் கண்ணால் பார்த்தேன், விரிவாகவே சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் இதே போல ஒரு கண்காட்சி. நாலு நாள். முதல் இரண்டு நாள் மழை, கூட்டமே இல்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நான் போனேன். ஓரத்துக் கடையில் பத்தமடையிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் பாய். கோரைப் பாயில் போடுகிற அதே கோடு, அதே சிவப்பு, அதே பச்சை. மேலே 'கைவினைப் பொருட்கள்' என்று பெரிய பேனர். கையால் செய்தது என்று அந்தக் கடையில் ஒன்றுகூட இல்லை.

ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, ஆறு ஏழு வயசில் ஒரு பையன். அப்பா விலை கேட்டார். அந்த அம்மா ஆயிரத்து இருநூறு என்றார். "பக்கத்துல இதே பாய் முந்நூறு ரூவாதானே?" என்றார் அவர். அந்த அம்மா வாதாடவே இல்லை. குடிக்க வைத்திருந்த சொம்பிலிருந்து கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் பாய் மேல் தெளித்தார். பையனைப் பார்த்து, "மோந்து பாரு, ராசா" என்றார். பையன் குனிந்தான். நனைந்த கோரைக்கு ஒரு வாசனை உண்டு, ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அவன் மூக்கை எடுக்கவில்லை. அப்படியே கன்னத்தை வைத்தான். அப்புறம் காலை நீட்டினான். அவன் அம்மா, "எந்திரிடா, எல்லாரும் பாக்காங்க" என்று இழுக்கிறார், அவன் அசையவில்லை. அலைந்த அலுப்பு, பாயின் குளிர்ச்சி, ஐந்து நிமிஷத்தில் தூங்கியே போனான்! சுற்றி நின்றவர்கள் எல்லாம் சத்தம் போடாமல் நின்றார்கள். கடைசியில் அந்த அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, ஆயிரத்து இருநூறையும் எண்ணிக் கொடுத்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டார், பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், போனார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜெயிச்சிட்டீங்களேம்மா" என்றேன். அவர் சிரித்தார். "நீங்க ஒண்ணு, அண்ணாச்சி. கணக்கு மட்டும் பாத்துராதீக" என்றார். கடை வைத்துப் பழகியவன், விடுவேனா? கடைசி நாள் திரும்பப் போய், அவர் மகளோடு உட்கார்ந்து ஒரு நோட்டில் கணக்குப் போட்டோம். நாலு நாளில் விற்றது ஏழு பாய், 7,400 ரூபாய். கடை வாடகை நாளைக்கு 800 வீதம் 3,200. வேன் போக வர 1,400. இரண்டு பேர் சாப்பாடு 900. கோரை, நூல், சாயம் பாய்க்கு 250 வீதம் 1,750. மிஞ்சியது 150 ரூபாய். ஏழு பாய் நெய்த கூலியும் அந்த நூற்றைம்பதுக்குள்தான், இரண்டு பெண்கள் நாலு நாள் உட்கார்ந்த கூலியும் அதற்குள்தான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பதை அந்த நோட்டில் எழுத்தாகவே பார்த்தேன்.

அந்தக் கணக்கில் பெரிய தொகை எது என்று கவனியுங்கள். கோரை இல்லை, நூல் இல்லை. உட்கார்ந்த இடத்துக்குக் கொடுத்த வாடகை. ஆகவே விலையைப் பற்றிப் பேச வந்தவன் இடத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

கடன் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், 50,000 வரை மானியமும் உண்டு. நல்ல திட்டம், விண்ணப்பிக்காதவர்கள் விண்ணப்பியுங்கள். ஆனால் கடன் வாங்கிச் செய்த சாமானை எங்கே வைத்து விற்பது? கடைக்காரரிடம் கொடுத்தால், 'விற்ற பிறகு காசு' என்பார். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். அந்தக் காசுக்காக மூன்று மாதம் நடந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

மாநகராட்சி அம்மாவிடம் பணிவாக ஒன்று கேட்கிறேன். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகரத்துக்கு நகரம் விற்பனைக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எங்கே விற்கலாம் என்று இடம் ஒதுக்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. அதன்படி, ஞாயிற்றுக்கிழமை மட்டும், வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஆற்றை ஒட்டியோ, பாளை மார்க்கெட் அருகிலோ ஒரு தெரு கொடுங்கள். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று தனித்தனிச் சந்தை கண்ட தமிழருக்கு வாரம் ஒரு நாள் ஒரு தெரு பெரிய காரியமா? வாடகை வேண்டாம். குடிதண்ணீர், கழிப்பறை, மழைக்கு ஒரு தார்ப்பாய் போதும். ஒரே ஒரு நிபந்தனை: செய்தவரே விற்க வேண்டும். கைவினைஞர் அடையாள அட்டையைப் பார்க்கலாம். அட்டை இல்லாதவரை, 'இங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் செய்து காட்டுங்கள்' என்று கேட்கலாம். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் கடைபவரும், மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி முடைகிற பெண்களும் சந்தோஷமாகச் செய்து காட்டுவார்கள். பிளாஸ்டிக் பாய்க்காரரால் முடியாது.

விழாக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வருஷம் வாடகையைப் பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள், மனமார்ந்த பாராட்டு. அடுத்த வருஷம் செய்பவர்களுக்கு மட்டும் முழுவதையும் தள்ளுபடி செய்யுங்கள். வாங்கி விற்பவர்களிடம் கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள். உழுதவன் கணக்குப் பார்த்து உழக்காவது மிஞ்சட்டும்.

அடுத்த தலைமுறையைப் பற்றியும் சொல்கிறேன் என்றேன். கலை நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், தலைவர் அவர்களும் மணியைப் பார்க்கிறார். அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன். நோட்டில் அந்தக் கணக்கை எழுதிய மகள் இப்போது தறியில் உட்காருவதில்லை, ஊரில் ஒரு கடையில் பில் போடுகிறாள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஞாயிறு சந்தைக்கான மனு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. பெயரும் ஊரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் உள்ளே போனதும் இடது வரிசையில் ஏழாவது கடை. அந்த அம்மாதான் உட்கார்ந்திருக்கிறார், இந்த முறை தனியாக. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பாயில் தண்ணீர் தெளித்துக் காட்டுவார். நன்றி, வணக்கம்.