பின்பனிக்காலச் சிறுமழையும் முதுமலைத் தீயும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நீலகிரி மழையைப் பற்றி ஒருவர் பேச வந்தால், ஆடியில் கூடலூரை நனைக்கும் தென்மேற்குப் பருவமழையையோ ஐப்பசியில் குன்னூர்ச் சரிவுகளைக் கரைக்கும் வடகிழக்குப் பருவமழையையோ அவர் எடுத்துக்கொள்வார் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது தை, மாசி மாதங்களின் மழை. பல ஆண்டுகளில் அது பெய்வதே இல்லை. பெய்தாலும் ஓடையில் நீர் வராது, குளத்தில் அடி நனையாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை சனவரி, பிப்ரவரி இரண்டையும் குளிர்காலம் என்று தனியே கணக்கிடுகிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் இந்தக் குளிர்கால மழையின் பங்கு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. உழவர்களும் அணைக்கட்டுப் பொறியாளர்களும் அதைப் பெரிதாக மதிப்பதில்லை. அவர்கள் நோக்கில் அது சரிதான். ஆனால் முதுமலையிலும் அதைச் சுற்றியுள்ள காடுகளிலும் அந்த ஆண்டு தீ எவ்வளவு பரவும் என்பதில் அந்தச் சிறுமழைக்குப் பெரிய பங்கு உண்டு என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க வந்த செய்தி.

நம் பழந்தமிழ் இலக்கணம் பாலைத் திணைக்குப் பொழுது வகுக்கும்போது, வேனிலைச் சொன்னதோடு நிற்காமல் பின்பனிக்காலத்தையும் அதற்கு உரியதென்று சேர்த்துச் சொல்கிறது. மாணவனாக இருந்தபோது இது எனக்கு விளங்கவில்லை. பனி பொழியும் காலம் எப்படி வறண்ட நிலத்துக்கு உரியதாகும் என்று நினைத்தேன். மாசி மாதத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கின் ஓரமாக ஒருமுறை நடந்து சென்றபோதுதான் அது விளங்கியது. விடியலில் புல் நனைந்திருக்கிறது, காலடி ஈரமாகிறது. பத்து மணிக்குள் அந்த ஈரம் போய்விடுகிறது. நண்பகலில் அதே புல் காலுக்கடியில் நொறுங்குகிறது.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வடகிழக்குப் பருவமழை விலகிய பிறகு மேகமற்ற வானமும் நிலப்பகுதியிலிருந்து வரும் உலர்ந்த காற்றும் மலைமேல் நிலைகொள்கின்றன. மேகப் போர்வை இல்லாததால் இரவில் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கிறது. உதகையின் தாழ்வான புல்வெளிகளில் காற்றின் ஈரம் உறைபனியாகப் படிந்து, புல்லின் திசுக்களைச் சிதைத்து, பசுமையாக இருந்ததை ஓரிரு வாரங்களில் வைக்கோலாக்கிவிடுகிறது. பகலில் அதே தெளிந்த வானம் வெயிலைத் தடையின்றி விடுகிறது. அடிவாரக் காடுகளில் உறைபனி அரிது; ஆனால் தேக்கும் வெக்காலியும் மருதும் இக்காலத்தில்தான் இலை உதிர்க்கின்றன. உதிர்ந்த சருகின்மேல் நேரடியாக வெயில் விழுவதால் தரை இன்னும் விரைவாகக் காய்கிறது. ஆளுயரத்துக்கு மேல் வளரும் யானைப்புல், கதிர் விட்டு முடித்து நின்ற நிலையிலேயே உலர்கிறது. அதற்கிடையே உண்ணிச்செடிப் புதர் தரையிலிருந்து மரக்கிளை வரைக்கும் தீ ஏறிச்செல்ல ஏணியாக நிற்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் சனவரியில் ஒரு நாள் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால் என்ன ஆகும்? தீயியல் ஆய்வாளர்கள் எரிபொருளை அதன் தடிமனைக் கொண்டு பிரிக்கிறார்கள். காய்ந்த புல்லும் மெல்லிய சருகும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்கு ஏற்ப மாறிவிடும். கைத்தடியளவு குச்சிகளுக்கு அதைவிடக் கூடுதல் நேரம் தேவை. தொடையளவு தடித்த கட்டைகளுக்கு ஆயிரம் மணி நேரம், அதாவது நாற்பது நாளுக்கும் மேல் ஆகும். ஆகவே முழுதும் காய்ந்த புல்லின்மேல் பெய்யும் ஒரு தூறலின் பயன் மறுநாள் மாலைக்குள் தீர்ந்துவிடும். ஆனால் புல்லின் அடித்தூரில் இன்னும் பச்சை இருக்கும்போதே, வாரம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை பெய்தால், மண்ணின் மேற்பரப்பு ஈரம் குறையாமல், புல் காய்வது பல நாள்கள் தள்ளிப்போகிறது. தடித்த கட்டைகளும் உலராமல் நிற்கின்றன. தீக்காலம் சில வாரங்கள் சுருங்குகிறது. பங்குனி கடைசியிலோ சித்திரையிலோ கோடை மழை வந்துவிடுமானால், அந்தச் சில வாரங்களே ஒரு காட்டைக் காப்பாற்றப் போதுமானவை.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும்: எந்த இடத்தில் பெய்த மழை? மாவட்டத்தின் சராசரி மழை என்று செய்தித்தாளில் வரும் எண் நீலகிரியைப் பொறுத்தவரை ஏறக்குறைய பொருளற்றது என்பது என் கருத்து. 2019 ஆகஸ்டில் மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை பதிவானது. அதே மலையின் நிழலில் கிழக்கே இருக்கும் மசினகுடிப் பக்கம் ஓர் ஆண்டு முழுவதற்குமே அவ்வளவு பெய்யாத ஆண்டுகள் உண்டு. முதுமலைக்குள்ளேயே கிழக்கு ஓரத்தில் ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டரும், மேற்கு ஓரத்தில் சுமார் 1,700 மில்லிமீட்டரும் பெய்கிறது. முட்புதர்க் காட்டிலிருந்து ஈர இலையுதிர் காடு வரை ஒரே நாளில் கடந்துவிடலாம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 1990 முதல் 2010 வரை இந்த நிலப்பரப்பில் எரிந்த பரப்பையும் பருவவாரி மழையையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மிக வறண்ட பகுதியில் தீயின் பரப்பைப் பெரிதும் தீர்மானித்தது முந்தைய மழைக்காலத்தில் பெய்த மழை. ஏனென்றால் அங்கே எரிய எவ்வளவு புல் இருக்கிறது என்பதே கேள்வி, அந்தப் புல்லை வளர்த்தது அந்த மழை. மிக ஈரமான பகுதியில் புல்லுக்கும் சருகுக்கும் எந்த ஆண்டும் குறைவில்லை. அவை எரியும் அளவுக்குக் காய்ந்தனவா என்பதே கேள்வி. அதற்கு விடை சொன்னது வறட்சிக்காலத் தொடக்கத்தில் பெய்த மழை. முந்தைய ஆண்டு எவ்வளவு எரிந்தது என்பதும் கணக்கில் சேர்கிறது, எரிந்த இடத்தில் மறு ஆண்டு எரிய மிச்சம் குறைவு என்பதால். ஒரே புலிகள் காப்பகத்தின் இரண்டு ஓரங்களில், ஒரே மழை இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. இதைப் படித்த நாள் முதல் ‘நல்ல மழை பெய்த ஆண்டு, தீ பயம் இல்லை’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு அச்சமே மேலிடுகிறது.

அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 2018-இல் தென்மேற்குப் பருவமழை கேரளத்தை மூழ்கடித்தது. நீலகிரியின் மேற்குச் சரிவுகளிலும் நிறையப் பெய்தது. அடுத்து வந்த 2019 பிப்ரவரியில், முதுமலையை ஒட்டிய பந்திப்பூரில் கோபாலசாமி மலைப் பக்கம் பரவிய தீ 4,000 எக்டேருக்கு மேல் எரித்தது. விமானப்படை ஹெலிகாப்டர்கள் நீர் இறைக்க வேண்டியிருந்தது. ஈரமான ஆண்டு தீயைத் தடுக்கவில்லை. மாறாக, 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்துபோனது. 2017-இன் தொடக்கத்தில் காடு முன்கூட்டியே காய்ந்து, பந்திப்பூர்த் தீயில் ஒரு வனக்காவலர் உயிரிழந்தார். மிகுந்த மழைக்குப் பின்னும் தீ, பொய்த்த மழைக்குப் பின்னும் தீ. இரண்டையும் ஒரே சூத்திரத்தில் அடக்க முயல்வதுதான் பிழை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை இந்த அவையில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மலையேற்றத்துக்குச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காய்ந்த புற்சரிவில் தீ கீழிருந்து மேலே ஏறும்போது மனிதக் கால்கள் அதை முந்த முடியாது. 2024 மார்ச்சில் குன்னூர் வனச்சரகத்தில் தீ பல நாள்கள் அணையாமல் நின்றபோது, சூலூரிலிருந்து ஹெலிகாப்டர் வரவழைக்கப்பட்டது.

மூங்கில்கள் உரசித் தீப்பற்றுவதைப் பாடல்களில் படித்து வளர்ந்தவர்கள் நாம். இன்று நம் காடுகளில் பற்றும் தீயில் ஏறத்தாழ எல்லாமே மனிதர்களால் வைக்கப்படுவது அல்லது தவறவிடப்படுவது. வானிலை தீயை மூட்டுவதில்லை. மூட்டிய தீ நிற்குமா ஓடுமா என்பதை அது முடிவு செய்கிறது.

இந்திய வன அளவைத் துறை செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. அது அரிய உதவி. ஆனால் செயற்கைக்கோள் காண்பது ஏற்கெனவே எரியத் தொடங்கிய இடத்தை. எந்த இடம் இன்னும் பத்து நாளில் எரியத்தக்கதாகும் என்பதை அறிய, அந்த இடத்து மழையையும் ஈரப்பதத்தையும் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். ஒரு வனக்காவலரின் பொறுப்பிலுள்ள சிறு காட்டுப்பகுதியான ஒவ்வொரு வனக்காவல் சுற்றிலும் ஓர் எளிய மழைமானி, ஒரு குறிப்பேடு, அளப்பதற்கு அங்கேயே வாழும் தீக்காவலர் ஒருவர் இருந்தால் இது நடக்கும். இருளர், குறும்பர், காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த தீக்காவலர்கள் புல்லைக் கையில் ஒடித்துப் பார்த்தே அதன் ஈரத்தைச் சொல்லிவிடுவார்கள்; அவர்கள் அறிவு எண்ணாகப் பதிவாவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். கர்நாடகத்தில் அருகிலுள்ள பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர் வறட்சியின் தொடக்கத்திலேயே, ஈரம் மிச்சமிருக்கும்போது, சருகை மட்டும் எரிக்கும் சிறுதீ இட்டுவந்தார்கள். ‘தரகு பெங்கி’ என்று அதற்குப் பெயர். அது தடைசெய்யப்பட்ட பின் உண்ணிச்செடி பெருகியதாக அவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. அவர்கள் பக்கம் உண்மை இருக்கிறது என்றே நான் எண்ணுகிறேன்.

தீ தாண்டாதபடி புல்லை அகற்றி விடும் பட்டைகளான தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி எரிக்கும் வேலையும் இதே கணக்கைச் சார்ந்தது. பனி ஈரம் இருக்கும் நாள்களில் எரித்தால் கோட்டோடு தீ நிற்கும். பத்து நாள் தாழ்த்தினால் கோட்டில் வைத்த தீயே காட்டுக்குள் போகும். தையில் மழை விழுந்த சுற்றில் அவசரம் இல்லை. விழாத சுற்றில் ஆள்களை முதலில் அனுப்ப வேண்டும். எந்தச் சுற்றில் விழுந்தது என்பது தெரிய வேண்டுமானால், மழைமானிகள் மார்கழி முடிவதற்குள் நடப்பட்டிருக்க வேண்டும்.