ஹட்டரைட் வாழ்க்கை: காப்பா, கட்டா? – ‘காப்பே’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சொத்தைப் பொதுவில் வைத்து வாழும் ஹட்டரைட் கிறித்தவர்களின் வாழ்க்கை மனிதருக்குக் காப்பா, கட்டா என்பது தலைப்பு. ‘கட்டே’ என்று எனக்கு முன்னால் பேசிய சகோதரி அழுத்தமாக மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். அங்கே பிறக்கும் குழந்தைக்கு வேறு வழி உண்டா? பெண்ணுக்கு வாக்கு உண்டா? வெளியேறுகிறவருக்கு ஒரு டாலராவது கொடுப்பார்களா? நியாயமான கேள்விகள்தான். ஒன்றையும் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சகோதரி இவர்களைக் குதிரை வண்டி ஓட்டும் ஆமிஷ் மக்களோடு சேர்த்துப் பேசினார். இவர்கள் வேறு. கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான், மனிடோபா, அமெரிக்காவின் தெற்கு டகோட்டா, மான்டனா பகுதிகளில் ஏறத்தாழ 50,000 பேர், ‘காலனி’ எனப்படும் நூற்றுக்கணக்கான பொதுப் பண்ணைக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். பெரிய பெரிய டிராக்டர்களும் நவீன பன்றிப் பண்ணைகளும் வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தின் மேல் அவர்களுக்குப் பகை இல்லை. ‘என்னுடையது’ என்ற உரிமையைத்தான் விட்டுவிட்டார்கள்.

எப்போது விட்டார்கள்? 1528இல். இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொராவியாவில், நிகோல்ஸ்பர்க் என்ற ஊரிலிருந்து வாளேந்த மறுத்த ஒரு கூட்டம் கிளம்பியது. பெரியவர்கள் மட்டும் ஏறத்தாழ 200 பேர், கூடவே பிள்ளைகள். சிலரிடம் கொஞ்சம் பொருள் இருந்தது, பலரிடம் ஒன்றுமே இல்லை. வழியில் ஓரிடத்தில் மூப்பர்கள் ஒரு மேலங்கியைத் தரையில் விரித்தார்கள். ஒவ்வொருவரும் தம்மிடம் இருந்ததைக் கொண்டுவந்து அதில் வைத்தார்கள். யாரும் வற்புறுத்தவில்லை என்று அவர்களுடைய வரலாற்று ஏடே சொல்கிறது. பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகளில் எருசலேமின் முதல் விசுவாசிகளுக்குச் ‘சகலமும் பொதுவாயிருந்தது’ என்று வருகிறதல்லவா, அதை இவர்கள் அப்படியே கைக்கொண்டார்கள். நடக்க முடியாதவனையும் பசித்தவனையும் வழியில் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்ற கவலையில் விரித்த துணி அது. அதைப் போய் எதிரணி கட்டு என்கிறது!

இப்போது குழந்தை பற்றிய கேள்விக்கு வருகிறேன். இவர்களுக்குப் பெயர் தந்த யாக்கோப் ஹுட்டரை 1536இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் உயிரோடு எரித்தார்கள். அவர் கொலை செய்தாரா, கொள்ளையடித்தாரா? பச்சைக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது செல்லாது, விசுவாசத்தை வளர்ந்த மனிதன் தானே தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கூட்டத்தை வழிநடத்தினார். அந்தக் காலத்தில் அதற்கு மரண தண்டனை. பிறந்த குழந்தையின் தலையில் மதத்தைக் கட்டாதீர்கள் என்று சொல்லி நெருப்பில் வெந்தவருடைய வழிவந்தவர்களைப் பார்த்து, நீங்கள் குழந்தையைக் கட்டுகிறீர்கள் என்கிறோம். இன்றும் ஹட்டரைட் பிள்ளை பிறப்பால் சபை உறுப்பினர் ஆவதில்லை. இருபது வயதுக்கு மேல், தானே கேட்டு, பல வாரங்கள் போதனை பெற்று, சபையின் முன்னால் வாக்குக் கொடுத்த பிறகுதான் ஞானஸ்நானம். வீட்டாரின் எதிர்பார்ப்பு ஓர் அழுத்தம்தானே என்று சகோதரி கேட்பார். அழுத்தம்தான், மறுக்கவில்லை. அந்த அழுத்தம் இல்லாத வீடு எந்த மதத்தில் இருக்கிறது?

வேறு வழி உண்டா என்பதற்கு வரலாறே சாட்சி. ரஷ்யப் பேரரசில் வாழ்ந்த இவர்கள் 1874 முதல் 1879 வரை தெற்கு டகோட்டாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே காலனிகள் அமைத்தார்கள். மற்றவர்கள், அதாவது பெரும்பான்மையினர், ஆளுக்கொரு நிலம் எடுத்துத் தனிப் பண்ணை வைத்தார்கள். அவர்களை யாரும் துரத்திப் பிடித்து வரவில்லை. இது எதிரணிக்குத்தானே சாதகம் என்று நினைக்கலாம். அப்புறம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். தனியே போனவர்கள் சில தலைமுறைகளில் சொத்தைப் பொதுவில் வைக்காத மென்னோனைட் என்ற கிறித்தவப் பிரிவின் சபைகளிலும் மற்றவர்களோடும் கலந்து கரைந்துபோனார்கள். மூன்று காலனிகளில் தங்கிய ஏறத்தாழ 400 பேர்தான் இன்றைய 50,000.

அந்த வாழ்க்கையின் உள்ளே என்ன இருக்கிறது? மாலையில் அரைமணி நேர ஜெபம். போதகர் தானே எழுதிய பிரசங்கத்தைச் சொல்வதில்லை, 17ஆம் நூற்றாண்டில் முன்னோர் எழுதிவைத்ததை வாசிக்கிறார். அவர் பாட்டை ஒரு வரி சொல்ல, சபை அந்த வரியைப் பாடும். பிறகு பொதுப் பந்தி. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வயது வரிசையில். பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி. சம்பளம் யாருக்கும் கிடையாது, போதகருக்கும் கிடையாது. துணி குடும்பத்தின் தலை எண்ணிக்கைப்படி. குழந்தை பெற்றவளுக்குப் பல வாரம் பொது வேலை கிடையாது. விதவையானாலும் அதே வீடு, அதே பந்தி. 1950களில் ஜோசப் ஈட்டன், ராபர்ட் வெய்ல் என்ற இரு ஆய்வாளர்கள் இவர்களிடையே மனநோயைப் பற்றி ஆராய்ந்தார்கள். காலனியில் மனநோயே இல்லை என்ற பேச்சு பொய் என்று காட்டினார்கள். மனச்சோர்வு அங்கேயும் இருந்தது. ஆனால் நோயாளியை மனநல விடுதிக்கு அனுப்பிவிட்டு மறக்கும் வழக்கம் அங்கே இல்லை. வீட்டிலேயே, சொந்த ஜனத்தின் நடுவிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு சமூகத்தை அளக்க எனக்கு இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை.

இன்னொன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், இதுவரை யாரும் அதைத் தொடவில்லை. ஒரு காலனியில் 120, 150 பேர் சேர்ந்துவிட்டால் அது இரண்டாகப் பிரியும். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பணம் சேர்த்து, நிலம் வாங்கி, வீடுகள் கட்டத் தொடங்குவார்கள். குடும்பங்களை வயதும் தொழிலும் பார்த்து இரு பட்டியல்களாகப் பிரிப்பார்கள். எந்தப் பட்டியல் புது இடத்துக்குப் போகும், எது பழைய ஊரில் இருக்கும்? பழைய வழக்கப்படி அது கடைசிவரை யாருக்கும் தெரியாது. இரண்டு பட்டியல்காரர்களும் மூட்டை கட்டுவார்கள். ஜெபம் செய்து சீட்டு எடுப்பார்கள். சீட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அவர்கள் கிளம்ப வேண்டும். ஒரு பிள்ளை மாம்பழத்தை வெட்டட்டும், மற்றது முதலில் எடுக்கட்டும் என்று வீட்டில் சொல்வோமே, அந்த நியாயம். எந்தப் பங்கு தனக்கு வரும் என்று தெரியாதபோது எவனும் பங்கைக் கோணலாகப் பிரிக்க மாட்டான். நடுவர் அவர்களே, அரைக் காணி நிலத்துக்காக அண்ணன் தம்பி இருபது வருடம் நீதிமன்றத்துக்கு அலையும் பாகப்பிரிவினைகளை நாம் பார்த்திருக்கிறோம். ஓர் ஊரையே அமைதியாகப் பங்கு பிரிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

‘கட்டுக்குள் வளர்ந்தவனுக்கு முதுகெலும்பு இருக்காது’ என்றார் சகோதரி. முதல் உலகப் போர் நடந்த 1918ஐ நினைவுபடுத்துகிறேன். தெற்கு டகோட்டாவின் ராக்போர்ட் காலனியைச் சேர்ந்த ஜோசப், மைக்கேல், டேவிட் ஹோஃபர் என்ற மூன்று சகோதரர்களும் யாக்கோப் விப்ஃபும் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார்கள். சீருடை அணிய மறுத்தார்கள். ஆளுக்கு 20 ஆண்டு கடுங்காவல். அல்கட்ராஸ் சிறையின் ஈரமான நிலவறையில் உள்ளாடையோடு அடைத்து, சீருடையைப் பக்கத்தில் வைத்தார்கள். போட்டுக்கொண்டால் குளிர் போகும். போட்டுக்கொள்ளவில்லை. போர் முடிந்த பிறகு கான்சஸில் உள்ள லெவன்வொர்த் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே சில நாள் இடைவெளியில் ஜோசப்பும் மைக்கேலும் இறந்தார்கள். ஜோசப்பின் மனைவி மரியா சவப்பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பார்த்தபோது, உயிரோடு இருந்தவரை அவர் தொட மறுத்த சீருடையை உடலுக்கு மாட்டியிருந்தார்கள். இதற்குப் பின் பான் ஓம் காலனியைத் தவிர மற்றவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். ஒரு பேரரசின் ராணுவத்தைப் பார்த்து ‘முடியாது’ என்று சொன்ன அந்த நால்வரும் காலனியில்தான் வளர்ந்தார்கள்.

சரி, வெளியேறுகிறவர் கதை. மனிடோபாவின் இன்டர்லேக் காலனியில் சிலர் வேறு சபையில் சேர்ந்ததால் விலக்கப்பட்டு, சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டார்கள். 1970இல் கனடா உச்ச நீதிமன்றம் பங்கு இல்லை என்றது. அவர்கள் பட்ட துன்பத்தை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனால் அந்தச் சொத்து இன்றைக்கு இருப்பவர்களுக்கு மட்டும் உரியதல்ல, நாளை பிறக்கப்போகிற பிள்ளைக்கும் நாளை விதவையாகப்போகிறவளுக்கும் உரியது. ஒவ்வொருவராகப் பங்கைப் பிரித்துக்கொண்டு போனால் கடைசியில் போக இடமில்லாத கிழவியின் கையில் என்ன மிஞ்சும்? அதற்காகக் காலனி நினைத்தபடி எவரையும் தள்ளிவிடவும் முடியாது. 1992இல் லேக்சைட் காலனி வழக்கில், முறையான அறிவிப்பும் பதில் சொல்ல வாய்ப்பும் தராமல் ஒருவரை விலக்கியது செல்லாது என்று அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் வரவேற்கிறேன். வெளியேறுகிறவர் புது வாழ்வு தொடங்க ஒரு தொகை கொடுப்பதைக் காலனிகள் கடமையாக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

பெண்களின் வாக்கு பற்றிச் சகோதரி சொன்னது முழுக்கச் சரி. ஞானஸ்நானம் பெற்ற ஆண்களே வாக்களிக்கிறார்கள். சமையலறையும் தோட்டமும் பெண்கள் பொறுப்பில் இருப்பது அதற்கு ஈடாகாது. மேலங்கியில் பெண்களின் பொருளும்தானே விழுந்தது, முடிவெடுக்கும்போது மட்டும் அவர்கள் ஏன் வெளியே நிற்க வேண்டும்? இது மாறியாக வேண்டும். மாற்றத்தை உள்ளேயிருந்து கேட்க ஒரு சமூகம் அங்கே உயிரோடு இருக்கிறது என்பதால்தான் நான் இந்த அணியில் நிற்கிறேன்.

எதிரணித் தலைவர் அடுத்துப் பேச வருகிறார். அவருக்கு ஒரு கேள்வி. ஆல்பர்ட்டாவில் தனிப் பண்ணை வைத்திருந்த ஒருவர் வங்கிக் கடனோடு இறந்துபோகிறார். பக்கத்துக் காலனியில், அதே வாரத்தில், அதே வயதில் இன்னொருவர் இறக்கிறார். இரண்டு வீட்டிலும் நான்கு பிள்ளைகள். அடக்கம் முடிந்த மறுநாள் காலை அந்த இரண்டு தாய்மார்களும் எதை நினைத்துப் பயந்து எழுந்திருப்பார்கள் என்று அவர் சொல்லட்டும். அதைச் சொல்லிவிட்டு, அப்புறம் எது கட்டு என்று பேசட்டும். நன்றி, வணக்கம்.