முதல் பாட்டுல இருந்து, வரிசையா

வணக்கம். ஜாஸ், சோல்னு அமெரிக்கக் கறுப்பின மக்கள்கிட்ட இருந்து வந்த இசை இருக்கே, அதுல புதுசா வந்த ஆல்பங்களைப் பத்தி ரேடியோவுல பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, அன்னிக்கு ராத்திரி எனக்கு சரியா தூக்கமே வரல, எதைச் சொல்றது எதை விடுறதுன்னு. வாராவாரம் வந்து குவியுதே! 2015 ஜூலைக்கு முன்னாடி அமெரிக்காவுல செவ்வாய்க்கிழமை, இங்கிலாந்துல திங்கக்கிழமைன்னு நாட்டுக்கு ஒரு நாள் ஆல்பம் வரும், இப்போ உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான், ஒரே நாள்ல மொத்தமா வந்து விழுது. அதனால நான் பட்டியல் எல்லாம் படிக்கப் போறதில்ல. எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கிற ஒரு விஷயத்தை மட்டும் சொல்றேன். ஆல்பத்தை முதல் பாட்டுல இருந்து வரிசையா கேளுங்க, அதுல யார் யார் வாசிச்சாங்கன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. அவ்வளவுதான்.

ஏன் சொல்றேன்னா, 2024 அக்டோபர்ல ஜாஸ் பாடகி சமாரா ஜாயோட 'போர்ட்ரெய்ட்' ஆல்பம் வந்துச்சு. அதுக்கு முந்தின வருஷம் கிராமியில சிறந்த புதுக் கலைஞர் விருது வாங்கினவங்க. ஆசையா இருந்துச்சு, பாத்திரம் கழுவிக்கிட்டே போன்ல போட்டேன். ஆப்ல பாட்டெல்லாம் கலைச்சுப் போடுற ஷஃபிள் ஆன்ல இருந்தது எனக்குத் தெரியாது. முதல்ல வந்தது ஒரு பொண்ணு குரல், கூட எந்த வாத்தியமும் இல்ல, ரொம்ப மெதுவா போகுது. குழாய்த் தண்ணி சத்தத்துல பாதி காதுலயே விழல. ஈரக் கையோட அடுத்த பாட்டுக்குத் தள்ளிட்டேன், அப்புறம் ரெண்டு வாரம் அந்த ஆல்பம் பக்கமே போகல.

அப்புறம் ஒரு நாள் ராத்திரி, வீடே தூங்கினப்புறம், ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு முதல் பாட்டுல இருந்து வரிசையா போட்டேன். முதல் பாட்டுல மொத்த பேண்டும் இருக்கு, டிரம்பெட், டிராம்போன், ரெண்டு சாக்ஸபோன், பியானோ, அடிநாதம் குடுக்கிற கம்பி வாத்தியம் பேஸ், டிரம்ஸ், சமாராவோட சேர்த்து எட்டு பேர். அந்த நாலு ஊதுற வாத்தியத்துக்கு நடுவுல அஞ்சாவது வாத்தியம் மாதிரி தன் குரலைக் கொண்டுபோய் வச்சுக்கிறாங்க. காது நிறைஞ்சு போகுது. அது முடிஞ்சு ரெண்டாவது பாட்டு ஆரம்பிக்குது பாருங்க, கல்யாண வீட்ல எல்லாரும் கிளம்பிப் போனப்புறம் வர்ற அமைதி இருக்கே, அந்த மாதிரி, ஒருத்தருமே இல்ல, அந்தக் குரல் மட்டும் நிக்குது. பழைய ஜாஸ் மேதை சார்லஸ் மிங்கஸ் போட்ட மெட்டு, அதுக்கு வரி இவங்களே எழுதியிருக்காங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல பிடிச்சுக்க ஒரு பியானோ சுரம்கூட கிடையாது, தனியா பாடிக்கிட்டே போறாங்க, அப்புறம் பேண்ட் வந்து சேருது, குரல் சுருதியிலேயே நிக்குது. நான் எழுந்து உக்காந்துட்டேன். ரெண்டு வாரம் முன்னாடி ஈரக் கையால தள்ளிவிட்டேனே, அந்தப் பாட்டுதான் இது!

முதல் பாட்டோட கூட்டத்தைக் கேட்டாத்தான் ரெண்டாவது பாட்டோட தனிமை புரியும். அதனாலதான் வரிசையா, வரிசையான்னு சொல்றேன்.

சரி, அந்த ஆல்பத்தை எங்க பதிவு பண்ணாங்கன்னு தேடினேன். நியூ ஜெர்சியில எங்கிள்வுட் கிளிஃப்ஸ்னு ஒரு இடம், அங்க இருக்கிற வான் கெல்டர் ஸ்டுடியோ. ரூடி வான் கெல்டர் யாருன்னா, பகல்ல கண் பரிசோதனை பண்ணி கண்ணாடி எழுதிக் குடுக்கிறவர், மத்த நேரத்துல அம்மா அப்பா வீட்டு ஹால்ல ஜாஸ் கலைஞர்களை வாசிக்க வச்சுப் பதிவு பண்ணுவார். 1959ல அந்தக் கண்ணாடி வேலையை விட்டுட்டு, சொந்தமா இந்த ஸ்டுடியோவைக் கட்டினார். உயரமான மரக் கூரை, சத்தம் மேல போய் மெதுவா இறங்கி வரும். சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேன் தன்னோட புகழ்பெற்ற 'எ லவ் சுப்ரீம்' ஆல்பத்தைப் பதிவு பண்ணது இங்கதான், 1964 டிசம்பர் 9. ரூடி 2016ல போயிட்டார், ஆனா அந்த அறை இருக்கு. அறுபது வருஷம் கழிச்சு வந்த புது ஆல்பத்துலயும் அந்தக் கூரைதான் இருக்குன்னு தெரிஞ்சப்புறம் நான் அதைக் கேக்குற விதமே மாறிடுச்சு.

அதே 2024ல ஆல்பம் போட்ட லண்டன்காரர் ஷபாகா ஹட்சிங்ஸும் அதுக்காக அதே அறையைத் தேடிப் போயிருக்கார். சாக்ஸபோன்ல அவ்வளவு பேர் வாங்கின மனுஷன், 2023 கடைசியில அதைக் கீழ வச்சுட்டு புல்லாங்குழலுக்குப் போயிட்டார். சாதாரணமா ஸ்டுடியோவுல ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு ஹெட்ஃபோன் இருக்கும், ஒருத்தர் தப்பு பண்ணா அதை மட்டும் மாத்திக்கலாம். இவர் ரெண்டுமே வேணாம்னுட்டார். பெரிய யாழ் மாதிரி இருக்கிற ஹார்ப் வாசிக்கிற பிராண்டி யங்கர், பியானோவுக்கு ஜேசன் மோரன்னு எல்லாரும் ஒரே அறையில, ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் மைக்குல விழுற மாதிரி வாசிச்சிருக்காங்க. அந்த ஆல்பத்தைக் கேக்கும்போது வால்யூமை ஏத்தாதீங்க, கொஞ்சம் இறக்கி வச்சுக் கேளுங்க, காது தானா கிட்டப் போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டுறாங்க, ரெண்டு நிமிஷம்தான் இருக்காம். சோல் பத்தி பாதி நேரம் பேசணும்னு எழுதி வச்சிருந்தேன், போச்சு. வேகமா சொல்லிடுறேன். பாடகி மிஷெல் என்டெகியோசெல்லோ, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினுக்காக ஒரு ஆல்பம் போட்டாங்க, 2024 ஆகஸ்ட் 2, அவரோட நூறாவது பிறந்தநாள் அன்னிக்கே வந்துச்சு, அதைத் தயவுசெஞ்சு துண்டு துண்டா கேக்காதீங்க. அப்புறம் சோல் பாடகர் மைக்கேல் கிவானுகாவோட 'ஸ்மால் சேஞ்சஸ்', 2024 நவம்பர். அதுல பேஸ் வாசிச்சவங்க பேரைத் தேடினா பினோ பல்லடினோன்னு வரும். 2000ல சோல் பாடகர் டி'ஏஞ்சலோவோட 'வூடூ' ஆல்பத்துல வாசிச்ச அதே கைதான். டிரம்ஸ் அடி விழுந்து ஒரு நூலிழை கழிச்சு, அவசரமே இல்லாம அந்த பேஸ் வந்து உக்காரும். டி'ஏஞ்சலோ 2025 அக்டோபர்ல, 51 வயசுலயே போயிட்டார், எனக்கு இன்னும் மனசு ஆறல. அதனால இந்த வாரம் 'வூடூ'வை ஒரு தடவை முழுசா கேளுங்க, அதுக்கப்புறம் கிவானுகாவைப் போட்டு பேஸை மட்டும் பிடிச்சுக்கிட்டே போங்க. இன்னொரு சோல் பாடகர் லியான் பிரிட்ஜஸ் பத்தியும் சொல்ல... சரி, விளக்கு எரிஞ்சிடுச்சு. நன்றி, வணக்கம்.