கொள்கையா, கொடுக்கல் வாங்கலா? (காரைக்குடி பட்டிமன்றத்தில் 'கொடுக்கல் வாங்கலே' அணியின் உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, காரைக்குடிப் பெருமக்களே, ஆச்சிமார்களே, வணக்கம்.

தொலைதூரக் கோள்களில் மனிதர்கள் குடியேறுவதைச் சொல்லும் அறிவியல் நாவல்களில் சமூகம் இரண்டாகப் பிளப்பது கொள்கையாலா, கொடுக்கல் வாங்கலாலா? இதுதான் தலைப்பு. கொள்கையால்தான் என்று எனக்கு முன் பேசியவர் முழங்கிவிட்டு அமர்ந்தார். நாவலைத் திறந்து கணக்கைப் பார்ப்போம் ஐயா!

லாரி நிவன் 1968இல் எழுதிய 'எ கிஃப்ட் ஃப்ரம் எர்த்'. கோள் முழுக்க வெந்து புழுங்கும் நச்சுக் காற்று. அதற்கு மேலே தலைநீட்டும் ஒரே ஒரு மேட்டுநிலத்தில்தான் மூச்சு விடலாம். கப்பலை ஓட்டி வந்தவர்கள் ஒரு சாதி, உறைநிலையில் தூங்கிக்கொண்டே வந்தவர்கள் இன்னொரு சாதி. தூங்கியவர்களை எழுப்பித் துப்பாக்கி முனையில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆட்சி எங்களுக்கு, உழைப்பு உங்களுக்கு! இதில் கொள்கை எங்கே இருக்கிறது?

தலைமுறை தலைமுறையாக அது எப்படி நிலைத்தது என்பதில்தான் நாவலாசிரியரின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. தண்டிக்கப்பட்டவனின் உடலைப் பிரித்து உறுப்பு வங்கியில் வைப்பார்கள். ஈரலும் இதயமும் கப்பல்காரன் குடும்பத்துக்குப் போகும், அவன் ஆயுள் நீளும். உறுப்பு தேவைப்படும்வரை மரண தண்டனையும் தேவைப்படும். பிறகு பூமியிலிருந்து ஆளில்லாக் கலம் ஒன்று, மனித உடலை அறுக்காமலே மாற்று உறுப்பு பெறும் வழியைக் கொண்டுவந்து இறக்குகிறது. ஆட்சியின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. எந்தத் தத்துவமும் அங்கே தோற்கவில்லை, வங்கி இருப்பின் மதிப்புத்தான் போயிற்று.

ஹைன்லைனின் 'தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்' (1966) நம் பக்கத்து நிலவிலேயே நடக்கிறது. கைதிகளும் அவர்கள் வாரிசுகளும் நிலத்தடியில் பனிக்கட்டியை வெட்டி உருக்கிக் கோதுமை விளைவித்து, மின்காந்த உந்துபாதையில் ஏற்றிப் பூமிக்கு எறிகிறார்கள். அது இந்தியாவின் பசிக்கு வந்து இறங்குகிறது. தானியத்தோடு தண்ணீரும் மண்ணின் சத்தும் போகின்றன, திரும்பி ஒரு சொட்டும் வருவதில்லை. இப்படியே போனால் 7 ஆண்டில் உணவுக் கலவரம் என்று கணினி கணித்துச் சொல்கிறது. அரசியலே வேண்டாம் என்றிருந்த தொழில்நுட்பக்காரர் அந்தக் கணக்கைக் கேட்ட பிறகுதான் கலகத்தில் இறங்குகிறார்.

இந்தக் கணக்கு செட்டிநாட்டுக்குப் புரியும். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன நம்மவர் கீழ் பர்மாவில் நிலத்தின் பேரில் கடன் கொடுத்தார்கள். 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் முக்கிய நெல் மாவட்டங்களின் விளைநிலத்தில் ஏறத்தாழ கால் பங்கு செட்டியார்கள் கையில். கடன் கொடுத்தவருக்கு வேண்டியது பணம், வயல் இல்லை. உழுதவருக்கும் அவரோடு கொள்கைப் பகை கிடையாது. ஆனாலும் இரு தரப்புக்கும் நடுவே ஆறாத கசப்பு வளர்ந்தது. பேரேட்டுக்கு அவ்வளவு வலு உண்டு.

எதிரணியின் துருப்புச்சீட்டு உர்சுலா லெ குவின். 'தி டிஸ்பொசெஸ்டு', 1974. செழிப்பான உர்ராஸ் என்ற கோளை விட்டு, அரசும் சொத்தும் வேண்டாம் என்று வறண்ட அனாரெஸ் என்ற கோளுக்குப் போனவர்கள். போனது கொள்கையால்தான், மறுக்கவில்லை. ஆனால் போன இடத்தில் அவர்களை நிம்மதியாக விட்டுவைத்தது எது? ஆண்டுக்கு எட்டு முறை உர்ராஸின் சரக்குக் கப்பல் வருகிறது. தாமிரம், பாதரசம், யுரேனியம் போகின்றன, எண்ணெயும் இயந்திரப் பாகங்களும் வருகின்றன. கனிமம் தந்துகொண்டிருக்கும்வரை தனிக்கோள்!

சொத்தே இல்லாத அனாரெஸுக்குள்ளும் பாருங்கள். எது அச்சேறலாம் என்ற முடிவு சபுல் என்ற மூத்த இயற்பியலாளர் கையில். அதனால் நாவலின் நாயகனான இயற்பியலாளர் ஷெவெக் உழைத்து எழுதிய நூலில் சபுலின் பெயரும் ஏறுகிறது. பணமில்லாத ஊரிலும் வாசலில் நிற்பவன் வரி வாங்கிவிடுகிறான்.

பிறகு வறட்சி. வேலை செய்கிறவனுக்குக் கூடுதல் பங்கு, நோயாளிக்குக் குறைந்த பங்கு. யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போடும் வேலை ஷெவெக்குக்கு வருகிறது. மனம் தாங்காமல் அவர் விலகிவிடுகிறார், உடனே இன்னொருவர் அந்த இடத்தில் உட்காருகிறார். பட்டியல் போட்டவர், பட்டியலில் இருந்தவர், விலகியவர் எல்லோரும் ஒரே கொள்கைக்காரர்கள். அப்படியானால் அரைப் பங்குக்காரரையும் முழுப் பங்குக்காரரையும் பிரித்தது எந்தக் கொள்கை? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.